மூலக்கூறு அசைவூட்டத்தில் வேகம்: எங்கே ஓட்டுவது, எங்கே நிறுத்துவது?

#1 ஹீம்வளையம்

ஆக்சிஜனை ஏற்கும்போது ஹீமோகுளோபின் எப்படி உருமாறுகிறது என்று காட்டும் அசைவூட்டம். 90 நொடி, ஏழு காட்சிகள்: முழு மூலக்கூறு, நான்கு சங்கிலிகளும் தனித்தனி நிறத்தில், ஒரு ஹீம் (இரும்பைத் தாங்கும் வளையம்), இரும்பு அணு, எஃப் சுருள் (இரும்போடு இணைந்த புரதச் சுருள்), இரண்டு பாதிகளும் ஒன்றுக்கொன்று சார்பாகத் திரும்புவது, நடுவே பிபிஜி (ஆக்சிஜனை விடுவிக்க உதவும் சிறு மூலக்கூறு) உட்காரும் குழி. தொடக்கம் முதல் முடிவு வரை நொடிக்கு 45 பாகை வீதம் சுழன்றுகொண்டே இருக்கிறது.

பார்த்தவர்கள் எல்லோரும் வேகம் அதிகம் என்றார்கள். அப்படியே 140 நொடிக்கு இழுத்தேன். இப்போது இழுவையாக இருக்கிறது என்கிறார்கள், இரும்பு நகர்ந்ததை யாரும் கவனிக்கவும் இல்லை. ஒரு காட்சிக்கு எத்தனை நொடி சரி? தானாக ஓடவிடுவதா, பொத்தான் வைப்பதா? வகுப்பில் திரையிடவும் வேண்டும், இணையப் பக்கத்திலும் வைக்க வேண்டும்.

#2 மெதுசுழல்

"காட்சிக்கு எத்தனை நொடி" என்று கணக்குப் போட்டால் சிக்கல் தீராது. ஒரு காட்சிக்குள் மூன்று வகை நேரம் இருக்கிறது: கேமரா நகரும் நேரம், மூலக்கூறு மாறும் நேரம், எதுவும் நகராத நேரம். நீங்கள் 90ஐ 140 ஆக்கியபோது மூன்றும் ஒரே விகிதத்தில் நீண்டன. நீள வேண்டியது மூன்றாவது மட்டும். கேமரா நகர்வு இன்னும் குறையக்கூடச் செய்யலாம்.

முதலில் அந்த ஓயாத சுழற்சியை எடுத்துவிடுங்கள். கணக்கு இது: மூலக்கூறு ஏறத்தாழ 60 ஆங்ஸ்ட்ராம் அகலம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). 1080 பிக்சல் உயரத் திரையில் அது 900 பிக்சல் பிடித்தால் ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு 15 பிக்சல். விளிம்பில் இருக்கும் அமினோ அமிலம் அச்சிலிருந்து 30 ஆங்ஸ்ட்ராம், அதாவது 450 பிக்சல் தள்ளி இருக்கிறது. நொடிக்கு 45 பாகை சுழன்றால் அது திரையின் நடுவைக் கடக்கும்போது நொடிக்கு 350 பிக்சல் வேகத்தில் ஓடுகிறது. அதன்மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டை யார் படிப்பது? என் அளவுகோல்: சுற்றிக் காட்டத்தான் வேண்டுமென்றால் நொடிக்கு 20 முதல் 30 பாகை. பெயர்ச்சீட்டு திரையில் இருக்கும்போது சுழற்சியே வேண்டாம்.

அடுத்து முடுக்கம். திடீரென்று கிளம்பி திடீரென்று நிற்கும் நகர்வு, மெதுவாக இருந்தாலும் வேகமாகத்தான் தெரியும். மென்மையாகத் தொடங்கி மென்மையாக முடிக்க எளிய சூத்திரம் 3ந² − 2ந³. இதில் ந என்பது கடந்த நேரத்தின் பின்னம், 0 முதல் 1 வரை. ஒன்றை மறக்கக் கூடாது: இந்த வளைவில் நடுவேகம் சராசரியைப் போல 1.5 மடங்கு. 90 பாகையை 3 நொடியில் திருப்பினால் சராசரி 30, நடுவில் 45. ஆகவே மென்மையாக்கிய நகர்வுக்கு நேரத்தை ஒன்றரை மடங்காக்குங்கள். இங்கே 4.5 நொடி.

கடைசியாக, இதை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்: கேமராவும் மூலக்கூறும் ஒரே நேரத்தில் நகரக் கூடாது. இரண்டும் நகர்ந்தால், அணு நகர்ந்ததா, பார்க்கும் கோணம் மாறியதா என்று பார்ப்பவருக்குப் பிரித்தறிய வழியில்லை.

#3 ஹீம்வளையம்

சுழற்சியை எடுத்துவிட்டால் படம் தட்டையாகிவிடுகிறதே. எது முன்னால், எது பின்னால் என்று தெரிய வேண்டாமா?

#4 மெதுசுழல்

அதற்கு முழுச் சுற்று தேவையில்லை, ஊஞ்சல் போதும். இடவலமாக 5 பாகை, ஒரு போய்வரவுக்கு 4 நொடி, சைன் வளைவில். அதன் உச்ச வேகம் நொடிக்கு 8 பாகைக்குள் அடங்கும், ஆழமும் தெளிவாகத் தெரியும். இதையே 20 பாகைக்கு விரித்தால் உச்சம் 31க்குப் போய்விடும், மறுபடியும் பெயர்ச்சீட்டு ஓடத் தொடங்கும். ஊஞ்சலை நிறுத்தும்போது நடுப்புள்ளியில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அடுத்த நகர்வு கோணலாகத் தொடங்கும்.

பின்னால் இருப்பவை மங்கும்படி மூடுபனி விளைவைக் கூட்டினால், பல காட்சிகளில் ஊஞ்சல்கூட வேண்டியிருக்காது.

#5 நான்குசங்கிலி

வேகத்துக்கு முன்னால் கட்டமைப்புக் கோப்புகளைச் சரிபாருங்கள். புரதத் தரவு வங்கியிலிருந்து ஆக்சிஜன் இல்லாத நிலைக்கு 2எச்எச்பி, ஆக்சிஜன் ஏற்ற நிலைக்கு 1எச்எச்ஓ என்ற கோப்புகளை எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2எச்எச்பி கோப்பில் நான்கு சங்கிலிகளும் இருக்கும். 1எச்எச்ஓ கோப்பில் ஒரு ஆல்ஃபா சங்கிலியும் ஒரு பீட்டா சங்கிலியும் மட்டும். மற்ற பாதியைப் படிகச் சமச்சீர் கொண்டு உருவாக்க வேண்டும். அதாவது உயிரியல் தொகுப்பாகத் திறக்க வேண்டும். அப்படித் திறந்தாலும் இரண்டாம் பாதிக்கு அதே ஏ, பி என்ற பெயர்களே வரலாம். அவற்றை சி, டி என்று மாற்றி, எந்த ஆல்ஃபா எந்த பீட்டாவோடு இணை என்பது இரண்டு கோப்பிலும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். இணை மாறியிருந்தால் மார்ஃபில் (ஒரு வடிவத்திலிருந்து மற்றதற்குக் கணினி உருமாற்றிக் காட்டுவதில்) சங்கிலிகள் ஒன்றையொன்று துளைத்துக்கொண்டு போகும். வேகத்தை எவ்வளவு குறைத்தாலும் அது சரியாகாது.

அடுத்தது, எதன்மேல் பொருத்துகிறீர்கள் என்பது. நான்கு சங்கிலிகளையும் மொத்தமாகப் பொருத்தினால் அசைவு எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறி, மூலக்கூறு நெளிவதுபோல் இருக்கும். ஒரு ஆல்ஃபா-பீட்டா இணையை மட்டும் பொருத்துங்கள். அந்தப் பாதி அசையாமல் நிற்க, மறுபாதி ஏறத்தாழ 15 பாகை திரும்புவது பளிச்சென்று தெரியும். 15 பாகைக்கு 2 நொடி தாராளம்.

இரும்பு தெரியாததற்குக் காரணம் வேகமே இல்லை, அளவு. இரும்பு நகர்வது ஏறத்தாழ 0.4 ஆங்ஸ்ட்ராம். மெதுசுழல் சொன்ன கணக்கில், முழு மூலக்கூறும் திரையில் இருக்கும்போது அது வெறும் 6 பிக்சல். 140 நொடி அல்ல, 10 நிமிடம் ஓட்டினாலும் கண்ணில் படாது. 15 ஆங்ஸ்ட்ராம் அகலம் மட்டும் அதே 900 பிக்சலை நிறைக்கும்படி நெருங்குங்கள், அப்போது 24 பிக்சல். ஹீம் தளத்தைப் பக்கவாட்டில், ஒரு கோடாகத் தெரியும்படி திருப்புங்கள். மேலிருந்து பார்த்தால் இரும்பு நம்மை நோக்கியோ விலகியோதான் நகரும், திரையில் எதுவுமே நடக்காது. பழைய இடத்தில் இரும்பின் மங்கலான பிரதி ஒன்றை விட்டுவைத்தால் நகர்வு முடிந்த பிறகும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்தப் பிரதிதான் நிறுத்த நேரத்தைப் பயனுள்ளதாக்குகிறது.

#6 திரைக்காலம்

மார்ஃபில் முடுக்க வளைவு வேண்டாம் என்பேன். கேமராவுக்குச் சரி. ஆனால் மூலக்கூறுக்கு மென்தொடக்கம் கொடுத்தால், புரதமே தயங்கித் தயங்கிக் கிளம்புகிறது என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மார்ஃப் என்பது இரண்டு முனைகளுக்கு இடையே கணினி நிரப்பியது. இடையில் வரும் வடிவங்கள் எவையும் அளந்து பார்த்தவை அல்ல. அதில் நேரமும் இல்லை.

#7 நான்குசங்கிலி

நேரம் இல்லை என்பது உண்மை. அதனால்தான் நேர்க்கோட்டு வேகமும் ஒரு பொய்யே, சீரான வேகத்தில் நடந்ததாகச் சொல்கிறது. இரண்டும் செயற்கை என்றால், பார்ப்பவர் தொடக்க நிலையையும் இறுதி நிலையையும் நன்றாகப் பார்க்க உதவுவதைத் தேர்ந்தெடுப்பேன், அது மென்மையானதுதான். கூடவே "இடைநிலைகள் கணித்தவை" என்று திரையில் ஒரு வரி.

உங்களோடு முழுக்க உடன்படும் இடம் ஒன்று உண்டு: முன்னும் பின்னுமாக ஓயாமல் ஓடும் மார்ஃப். முனைகளில் நிற்காமல் திரும்பினால் புரதம் மூச்சுவிடுவதுபோல் தெரியும், எது தொடக்கம் எது முடிவு என்பதே தொலைந்துபோகும். ஒவ்வொரு முனையிலும் குறைந்தது ஒன்றரை நொடி நிறுத்தி, அந்த முனையின் பெயரை ("ஆக்சிஜன் இல்லை", "ஆக்சிஜன் உண்டு") அப்போது மட்டும் காட்டுங்கள்.

#8 திரைக்காலம்

முனைகளில் பெயர் காட்டுவது என் கவலையைப் பெரும்பாலும் தீர்த்துவிடுகிறது. அந்த "கணித்தவை" வரி மார்ஃப் ஓடும் நேரம் முழுக்க நிற்கட்டும், தொடக்கத்தில் மட்டும் மின்னி மறைய வேண்டாம்.

#9 ஜேமோல்கை

இணையப் பக்கத்துக்கு ஜேஎஸ்மோல் (உலாவியிலேயே மூலக்கூறு காட்டும் நிரல்) என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

நேரத்தை ஆள்பவை முக்கியமாக இரண்டு கட்டளைகள். மூவ்டு, கேமராவைக் குறித்த நிலைக்குக் குறித்த நொடிகளில் கொண்டுபோகும். டிலே, குறித்த நொடிகள் காத்திருக்கும். நிலையை எண்களாகத் தட்டச்சு செய்யத் தேவையில்லை. மூலக்கூறைக் கையால் திருப்பி வைத்து ஷோ ஓரியன்டேஷன் கொடுத்தால் மூவ்டு வரியே கிடைக்கும், அதில் நொடியை மட்டும் மாற்றுங்கள். மார்ஃப் கோப்பு பல மாதிரிகளாக இருந்தால் அனிமேஷன் எஃப்பிஎஸ் கொண்டு வேகமும், அனிமேஷன் மோடு வரியின் இறுதியில் இரண்டு எண்கள் கொண்டு முதல், கடைசி மாதிரிகளில் நிற்கும் நொடிகளும் வரும். நான்குசங்கிலி சொன்ன முனை நிறுத்தம் இதுவே.

பிசகும் இடங்கள்:

பயனர் மூலக்கூறை இழுத்துத் திருப்பிவிட்டு அடுத்த பொத்தானை அழுத்துவார். மூவ்டு எப்போதும் இப்போதிருக்கும் நிலையிலிருந்து கிளம்பும். நீங்கள் 40 பாகைக்கு என்று கொடுத்த 2 நொடியில் அது 170 பாகை திரும்ப வேண்டியிருக்கலாம், நொடிக்கு 85. தீர்வு: நேரத்தை நிலையான எண்ணாக வைக்காமல் கணக்கிடுங்கள். இரண்டு நிலைகளின் குவாட்டர்னியன்களின் (திருப்பத்தைக் குறிக்கும் நான்கு எண் தொகுதிகளின்) உட்பெருக்கம் எடுத்து, அதன் குறியை நீக்கி, ஆர்க்-கொசைன் கண்டு இரண்டால் பெருக்கினால் இடையிலுள்ள கோணம் வரும். அதை 30ஆல் வகுத்தால் நொடி. 1 நொடிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் இரண்டு ஸ்கிரிப்டும் வரிசையில் நின்று ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். ஒவ்வொரு ஸ்கிரிப்டின் முதல் கட்டளையாக எக்ஸிட் வையுங்கள், ஓடிக்கொண்டிருப்பது நின்று புதியது தொடங்கும். கூடவே ஸ்பின் ஆஃப். முந்தைய காட்சியின் சுழற்சி அணையாமல் அடுத்ததில் தொற்றிக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

மேற்பரப்பு கணக்கிடும் வரியை நகர்வுக்கும் நிறுத்தத்துக்கும் நடுவில் வைக்காதீர்கள். உலாவியில் அது பல நொடி எடுக்கலாம், அந்த நேரம் நீங்கள் திட்டமிட்ட நிறுத்தத்தோடு சேர்ந்துவிடும். எல்லா மேற்பரப்புகளையும் தொடக்கத்திலேயே கட்டி மறைத்து வைத்து, வேண்டும்போது காட்டுங்கள்.

ஒவ்வொரு காட்சியின் ஸ்கிரிப்டும் முழு நிலையையும், அதாவது நிறம், வடிவம், மறைத்தவை எல்லாவற்றையும், தானே அமைக்க வேண்டும். நான்காம் காட்சியிலிருந்து இரண்டாம் காட்சிக்குத் தாவுபவருக்கும் அதே படம் வர வேண்டுமல்லவா?

#10 ஹீம்வளையம்

அப்படியென்றால் பொத்தானா, டிலேயா? இன்னும் யாரும் நேராகச் சொல்லவில்லை.

#11 ஜேமோல்கை

காட்சிக்குள் டிலே, காட்சிகளுக்கு இடையே பொத்தான். ஒரே கருத்தின் இரண்டு படிகளுக்கு நடுவில் 1 முதல் 2 நொடி டிலே போதும். புதுக் கருத்துக்குப் போகும்முன் பயனர் அழுத்தும்வரை காத்திருங்கள். பார்ப்பவரே அடுத்த பகுதிக்கு அழுத்திப் போகும் வடிவம், தொடர்ந்து ஓடும் வடிவத்தைவிட நன்றாகப் புரிகிறது என்று மேயரும் சாண்ட்லரும் 2001இல் மின்னல் உருவாகும் விதத்தை விளக்கும் அசைவூட்டத்தை வைத்துக் காட்டினார்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கே இந்த இடைவெளி அதிகம் தேவை.

இணையப் பக்கம் என்பதால் இன்னொன்றும் கட்டாயம். டபிள்யூசிஏஜி அணுகல் வழிகாட்டியின் 2.2.2 விதிப்படி, மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து தானாகத் தொடங்கி 5 நொடிக்குமேல் அசையும் எதற்கும் நிறுத்த வழி இருக்க வேண்டும். பக்கத்தில் பத்தியை வைத்து ஓரத்தில் மூலக்கூறு சுழன்றுகொண்டே இருந்தால் படிக்கவே முடியாதவர்கள் இருக்கிறார்கள். இயங்குதளத்தில் அசைவைக் குறைக்கும்படி அமைத்தவர்களுக்கு மூவ்டு நேரத்தை 0 ஆக்கி நேரே இறுதி நிலையைக் காட்டுங்கள்.

#12 சொல்லசைவு

பேச்சு விளக்கம் உண்டா? இருந்தால் வேகத்தை முடிவுசெய்ய வேண்டியது அதுவே. முதலில் உரையைப் பதிவுசெய்து, பிறகு அசைவை அதன்மேல் அடுக்குங்கள். அசைவை முடித்துவிட்டு உரையை அதற்குள் திணித்தால் மூச்சுமுட்டப் படிக்க நேரும்.

தமிழில் விளக்குபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. "ஆக்சிஜன் பிணைந்ததும் இரும்பு அணு ஹீமின் தளத்துக்குள் இழுக்கப்படுகிறது." இந்த வாக்கியம் தொடங்கும்போதே இரும்பை நகர்த்தினால், "இழுக்கப்படுகிறது" என்ற சொல் காதில் விழும்போது திரையில் எல்லாம் முடிந்திருக்கும். ஆங்கில விளக்கத்துக்குச் செய்த அசைவின்மேல் தமிழ்க் குரலை ஏற்றும்போது ஒட்டாமல் போவதற்கு இது பெரிய காரணம். சரியான வரிசை: "ஆக்சிஜன்" என்னும்போது ஆக்சிஜன் தோன்றட்டும். "இரும்பு அணு" என்னும்போது இரும்பு ஒளிரட்டும். "தளத்துக்குள்" என்னும்போது தளத்தின் கோடு வரட்டும். "இழுக்கப்படுகிறது" என்று தொடங்கும்போது நகர்வு கிளம்பி, வாக்கியம் முடிந்த பிறகு ஒரு நொடிவரை போகட்டும். அதன்பின் இரண்டு நொடி மௌனம்.

எழுத்து விளக்கத்துக்கும் சொல் எண்ணிக்கை உதவாது. நம் சொற்களில் விகுதிகள் ஒட்டிக்கொண்டு நீளும், "நிமிடத்துக்கு இத்தனை சொல்" என்ற ஆங்கிலக் கணக்கு இங்கே பொருந்தாது. அந்த வரியை நிதானமாக இரண்டு முறை வாய்விட்டுப் படித்து ஆகும் நேரம் திரையில் நிற்கட்டும். எழுத்து இருக்கும் நேரம் நகர்வு வேண்டாம், கண் ஒன்றுதான்.

#13 திரைக்காலம்

வகுப்புத் திரைக்கு ஜிஃப் வேண்டாம். அதில் ஒரு ஃப்ரேமின் நேரம் நொடியின் நூறில் ஒரு பங்காகத்தான் எழுதப்படும். ஆகவே நொடிக்குச் சரியாக 30 ஃப்ரேம் சாத்தியமே இல்லை, 25 அல்லது 33.3. நூறில் ஒரு பங்கு என்று ஆகக் குறைவாகக் கொடுத்தால் உலாவிகள் அதை நூறில் பத்துப் பங்காக எடுத்துக்கொள்ளும், படம் ஊர்ந்துபோகும். நிறுத்தும் வசதியும் கிடையாது.

காணொளியாகப் போனால், 60 ஹெர்ட்ஸ் திரைக்கு 30 அல்லது 60 ஃப்ரேம். கைமெராஎக்ஸ் (மூலக்கூறு காட்டும் மென்பொருள்) இயல்பாக 25இல் எழுதும். 60ஐ 25ஆல் வகுத்தால் மீதி வரும், சில ஃப்ரேம் இரண்டு முறையும் சில மூன்று முறையும் திரையில் நிற்கும். மெதுவான சீரான சுழற்சியில் இந்தத் திக்கல் நன்றாகவே தெரியும்.

ஒரு காட்சிக்கு ஒரு காணொளித் துண்டு, ஒரு ஸ்லைடுக்கு ஒரு துண்டு. துண்டின் கடைசி ஃப்ரேமிலேயே நிற்கட்டும், அடுத்த துண்டின் முதல் ஃப்ரேம் அதே படமாக இருக்கட்டும். பேசுபவர் எவ்வளவு நேரம் பேசினாலும் திரை காத்திருக்கும், ஒட்டும் தெரியாது. நிறுத்தப் படத்தை மூலக்கூறு மென்பொருளிலிருந்து தனியே எடுத்து வைக்காதீர்கள். காணொளியின் நிற அமைப்பு வேறு, மாறும் நொடியில் நிறம் துள்ளும். காணொளியிலிருந்தே ஃப்ரேமை எடுங்கள்.

பின்னோக்கி நகர்த்திக் காட்ட வேண்டுமென்றால் முழு ஃப்ரேம் (முந்தையதைச் சாராமல் முழுப் படமாகச் சேமிக்கும் ஃப்ரேம்) இடைவெளியைக் குறையுங்கள். எக்ஸ்264 என்ற காணொளிச் சுருக்கியின் இயல்பில் அது 250 ஃப்ரேம்வரை போகலாம், 30 ஃப்ரேம் வேகத்தில் எட்டு நொடிக்கு மேல். பட்டையை இழுத்தால் திரை உறைந்து தாவும். 15 என்று வைத்தால் கோப்பு பெருக்கும், ஆனால் இழுத்த இடத்தில் நிற்கும்.

#14 மெதுசுழல்

கைமெராஎக்ஸ் பற்றி ஒரு சேர்க்கை. டர்ன் ஒய் 1 90 என்றால் ஃப்ரேமுக்கு 1 பாகை, 90 ஃப்ரேம். ஆனால் ஸ்கிரிப்ட் அது முடியும்வரை காத்திருக்காது, அடுத்த வரி உடனே ஓடும். வெயிட் 90 போடாமல் விட்டால் திருப்பமும் நெருங்கலும் ஒன்றாக நடக்கும். "என் அசைவூட்டம் ஏன் இவ்வளவு வேகம்" என்ற கேள்விகளில் பல இந்த ஒரு வரியில் முடிந்துவிடும். நிறுத்தமும் அதே வெயிட், 60 என்றால் 30 ஃப்ரேம் வேகத்தில் 2 நொடி. திரையில் ஓட்டிப் பார்க்கும்போது கனமான காட்சியில் ஃப்ரேம்கள் தாமதமாக வரும், நேரம் நீண்டு தெரியும். நேரத்தை எழுதிய காணொளியில்தான் மதிப்பிட வேண்டும்.

பைமோல் என்ற இன்னொரு மென்பொருளில் எம்வியூ கட்டளை கொண்டு காட்சிகளை இணைத்தால் கேமரா வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் நிறமும் வடிவமும் வழுக்காது, நகர்வின் பாதியில் பட்டென்று மாறும். கட் என்ற அளவு இயல்பாக 0.5. அதை 1 ஆக்கினால் கேமரா வந்து நின்ற பிறகு மாறும். நிறுத்தம் வேண்டும் இடத்தில் ஒரே பார்வையை இரண்டு ஃப்ரேம்களில் சேமிக்க வேண்டும், ஒன்றில் மட்டும் சேமித்தால் கேமரா நிற்காமல் கடந்துபோகும். முழுச் சுற்றை மடக்கி ஓட்டுவதாக இருந்தால் 0 பாகையும் 360 பாகையும் ஒரே படம், கடைசியை விட்டுவிடுங்கள். சரியாக 180 பாகைத் திருப்பத்துக்கு எந்தப் பக்கமாகப் போவது என்பது மென்பொருளின் விருப்பம், 90இல் ஒரு இடைப்புள்ளி வையுங்கள்.

கதிர்த்தடத் தரத்தில் (ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டு வரையும் உயர்தரத்தில்) எழுதுமுன் நேரத்தைச் சின்ன அளவில் சரிபாருங்கள். 90 நொடி என்றால் 2,700 ஃப்ரேம். ஃப்ரேமுக்கு 8 நொடி என்றாலே 6 மணி நேரம்.

#15 பாதைபார்ப்பவர்

இடையில் நுழைகிறேன். மார்ஃப் இல்லாமல் மூலக்கூறு இயக்க உருவகப்படுத்தலின் (அணுக்களின் அசைவை இயற்பியல் விதிப்படி கணினியில் கணக்கிடுவதன்) பாதையைக் காட்டுவதானால்? 100 நானோநொடி, 10 பிக்கோநொடிக்கு ஒரு ஃப்ரேம்.

#16 நான்குசங்கிலி

10,000 ஃப்ரேம், 30 வேகத்தில் ஐந்தரை நிமிடம். இருபதில் ஒன்றை எடுத்தால் 500 ஃப்ரேம், 17 நொடி. ஆனால் அப்போது ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் 200 பிக்கோநொடி இடைவெளி, பக்கச் சங்கிலிகள் கொதிப்பதுபோல் துள்ளும். முதலில் முதுகெலும்பு அணுக்களைப் பொருத்தி மொத்த உருளலை நீக்குங்கள், பிறகு சாளரச் சராசரி (அடுத்தடுத்த சில ஃப்ரேம்களின் சராசரி), அதற்குப் பிறகே ஃப்ரேம்களைக் குறைப்பது. வரிசை மாறினால் சராசரிக்குப் பலன் இல்லை.

விஎம்டி மென்பொருளில் சராசரிச் சாளரம் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனியாக இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். நாடா வடிவத்துக்குச் சராசரி நல்லது. மீத்தைல் குழுவுக்குச் சராசரி எடுத்தால், சுழலும் மூன்று ஹைட்ரஜன்களும் அச்சின்மேல் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், பென்சீன் வளையம் புரண்டால் ஒரு கோடாக நசுங்கும். ஹைட்ரஜன் பிணைப்பின் நீளத்தை எழுதிக் காட்டும் காட்சியில் சராசரியே கூடாது, அந்த எண் பொய்யாகிவிடும். ஓரத்தில் நானோநொடிக் கடிகாரம் ஓடட்டும். மார்ஃப் போலல்லாமல் இதற்கு உண்மையான நேரம் உண்டு.

#17 ஹீம்வளையம்

1எச்எச்ஓ பற்றிச் சொன்னது சரி, இரண்டு சங்கிலிதான் இருந்தது. மாற்றிய திட்டம்: முழு மூலக்கூறு 90 பாகை ஒரே ஒரு திருப்பம், 4.5 நொடி. நிறம் மாறும்போது கேமரா நிற்கும், 6 நொடி. ஹீமுக்கு நெருங்க 3 நொடி, பக்கவாட்டில் நிறுத்தி 3 நொடி. இரும்பு நகர்வு 1.5 நொடி, மங்கலான பிரதியோடு 4 நொடி நிறுத்தம், அதையே இன்னொரு முறை. எஃப் சுருளுக்கு 5. விலக 3, பாதி திரும்புவது 2, முனைகளில் 1.5. பிபிஜி குழியைத் தனிப் பொத்தானாகப் பிரித்துவிட்டேன். வகுப்புக்கு ஆறு துண்டு, 30 ஃப்ரேம்.

ஹீமிலிருந்து விலகும்போதே மறுபாதியும் திரும்பத் தொடங்கலாமா? 2 நொடி மிச்சமாகும்.

#18 மெதுசுழல்

வேண்டாம். விலகி முடிந்து, ஒரு நொடி நின்று, பிறகு திரும்பட்டும். நேரம் குறைய வேண்டுமானால் தொடக்கத்திலுள்ள 90 பாகையை 60 ஆக்குங்கள், 3 நொடியில் முடிந்துவிடும்.